மலைக்குள் மடிந்த கடல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகும் சாலை, கண்மாய்களையும் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் தாண்டிச் செண்பகத்தோப்பில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அதற்கு மேலே காடு. சாம்பல் நிற மலை அணிலைக் காக்க 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. பேச்சியம்மனைக் கும்பிட வருபவர்கள், காட்டழகரைத் தேடி மலையேறுபவர்கள், மீன்வெட்டிப்பாறையில் தண்ணீர் விழும்போது குளிக்க வருபவர்கள் என்று இந்த வழிக்கு எப்போதும் ஆள் உண்டு. அவர்கள் எல்லாரும் மிதித்து ஏறும் பாறையைப் பற்றியது இந்தக் கட்டுரை. அந்தப் பாறை நிற்கும் நிலம், ஒரு பெருங்கடல் மூடியபோது அதன் இரு கரைகளுக்கு நடுவே நசுங்கி உருவானது என்பதே நான் இங்கே சொல்ல வருவது. கடலின் உருவம் இங்கே எதுவும் மிஞ்சவில்லை. வேதியியல்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பார்த்தபடியே, மலையடிவாரத்திலிருந்து காவிரிக்கரை வரை போக வேண்டியிருக்கிறது.

ஓடையில் கிடக்கும் பாறையில் கடலை நினைவூட்டுவது ஒன்றுமில்லை. உடைத்த முகம் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். வெயில் பட்டுப் பழசான முகம் பழுப்பேறியிருக்கும். ஊரில் இதைக் கருங்கல் என்பார்கள். குவாரியில் ஜல்லியாகவும் தூணாகவும் போவது இதுதான். நிலவியலாளர்கள் சார்னோகைட் என்கிறார்கள். சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற ஆங்கிலேயர், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே இனம் என்று கண்டு, அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். சார்னோகைட்டோடு வரிவரியாக மடிந்த நைஸ் பாறைகளும் கலந்து கிடக்கின்றன. சிப்பி இல்லை, சங்கு இல்லை, அரியலூரில் கிடைப்பதுபோன்ற கடலுயிர்ப் படிமம் எதுவும் இல்லை. மதுரைப் பெருந்துண்டம் என்று நிலவியல் வரைபடங்கள் குறிக்கும் இந்தப் பகுதி, வடக்கே பாலக்காடு–காவிரிப் பட்டைக்கும் தெற்கே அச்சன்கோவில் பட்டைக்கும் இடைப்பட்டது. முழுவதும் ஒருகாலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்து பின்னர் மேலே வந்த பாறை. வெந்த பாறையில் உயிரின் சுவடும் படிவின் அடுக்கும் தங்குவதில்லை.

தமிழில் தொலைந்த கடல், தொலைந்த நிலம் என்றாலே நினைவு குமரிக்கண்டத்துக்குப் போகும். இது அதுவல்ல என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் உறவை விளக்க 1864இல் விலங்கியலாளர் ஸ்க்லேட்டர் கற்பித்த, குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா, கண்டங்கள் நகரும் என்று தெரிந்த பிறகு தேவையற்றுப் போன கருத்து. கடல்கோள் என்பது மனிதர் வாழ்ந்த காலத்துச் செய்தி. இங்கே பேசும் கடலோ மனிதனும் மரமும் மீனும் தோன்றுவதற்கு முந்தையது. நடந்ததும் நேர்மாறானது. கடல் வந்து நிலத்தைக் கொள்ளவில்லை. நிலம் நெருங்கிவந்து கடலைக் கொண்டது. இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செண்பகத்தோப்புக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் மலையின் உயரம் அந்த மோதலின் நேரடி மிச்சமல்ல. அன்று எழுந்த மலைகள் எப்போதோ அரிக்கப்பட்டுவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலை இன்றைய வடிவத்தைப் பெற்ற கதை, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோனதை ஒட்டியும் அதற்குப் பின்னும் நடந்தது. பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு.

பழைய கடலை ஏன் மலையில் தேட வேண்டும்? கடலின் அடியிலேயே தேடலாமே என்று கேட்கலாம். தேடினால் கிடைக்காது. கடல்தளம் ஓயாமல் பிறந்து ஓயாமல் மறைகிறது. கடல் நடுவே ஓடும் மலைமுகடுகளில் இரு தட்டுகள் விலக, கீழிருந்து பாறைக்குழம்பு எழுந்து உறைந்து பசால்ட் ஆகிறது. நம் அரபிக்கடலில் உள்ள கார்ல்ஸ்பர்க் முகடு அப்படிப்பட்டது. அங்கே பிறந்த தளம் மெல்ல விலகிப் போய், குளிர்ந்து கனத்து, ஏதோ ஒரு கண்டத்தின் அல்லது தீவுவரிசையின் அடியில் அமிழ்ந்துவிடுகிறது. இன்றைய பெருங்கடல்களில் 18 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட தளம் அரிதினும் அரிது. பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஆகவே பூமியின் வரலாற்றில் இருந்த கடல்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, அமிழும்போது தப்பித் தவறி நிலத்தின்மேல் ஒட்டிக்கொண்ட துண்டுகளே ஆதாரம். சில இடங்களில் அந்தத் துண்டு உருவம் கெடாமலே தப்பியிருக்கிறது. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் மரடிஹள்ளியில், கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு தண்ணீர் பட்டதும் உருண்டை உருண்டையாக உறைந்த தலையணைப் பாறைகளை இன்றும் கண்ணால் காணலாம். தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அவற்றைப் பாதுகாக்கிறார்கள். 250 கோடி ஆண்டுகளுக்கும் பழைய அந்தப் பாறைகள் அதிகம் வேகாததால் உருவம் பிழைத்தது. தமிழ்நாட்டின் தென்பாதிக்கு அந்தப் பேறு இல்லை.

எவ்வளவு வெந்தது என்பதற்கு ராஜபாளையமே சாட்சி. அந்த ஊரை ஒட்டிய பாறைகளில் சஃபிரின் என்ற நீலக் கனிமமும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டபடி இருப்பதை 2004இல் சுனோகே, சந்தோஷ், ஜனார்த்தன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து அப்படியொரு சேர்க்கை அறிவிக்கப்பட்டது அதுவே முதல்முறை. இவ்விரண்டும் சண்டையின்றி அருகருகே இருக்க வேண்டுமானால் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருந்திருக்க வேண்டும். அழுத்தத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழம் வருகிறது. இந்த வேக்காட்டின் காலம் 60 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு இடையே விழுகிறது. ஆனால் வெப்பத்தைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பாறையின் சரக்கு. அலுமினியம் இவ்வளவு மிகுந்த பாறை, உருகிய குழம்பிலிருந்து சாதாரணமாக உறைந்து வராது. களிமண்ணில்தான் அலுமினியம் இப்படிச் சேரும். மலை மக்கி, ஆறு அடித்துவந்து, கடலோரத்தில் படிந்த சேறு அது என்பதே நேரான விளக்கம். காற்றும் மழையும் ஆண்ட மேற்பரப்பில் பிறந்த சேறு, பிறகு 30 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய் வந்திருக்கிறது. நிலம் நிலத்தின்மேல் ஏறி மோதாமல் அப்படிப் போக வழி குறைவு.

கிழக்கே அருப்புக்கோட்டையைத் தாண்டிப் பந்தல்குடி வந்தால் அதே கடலோரத்தின் இன்னொரு படிவு கிடைக்கிறது. அங்கே வெட்டும் சுண்ணாம்புப் பாறை, வெந்து படிகமாகிப் பளிங்காகிவிட்டது. ராஜபாளையத்தில் வேர்கொண்ட ராம்கோ நிறுவனத்தின் ராமசாமி ராஜா நகர் சிமென்ட் ஆலைக்கு அதுதான் மூலப்பொருள். தெற்கே தாழையூத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ் ஆலையும் இதே இனப் பாறையை நம்பி வந்தது. விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில் எழுந்த வீடுகளில் எத்தனையோ, நிலமாகிப்போன ஒரு கடலின் சுண்ணாம்பால் கட்டப்பட்டவை. இவ்வளவு சுண்ணாம்பு இவ்வளவு நீளத்துக்குப் படிய வேண்டுமானால், ஆழமற்ற, தெளிந்த, வெதுவெதுப்பான கடல்நீர் நெடுங்காலம் நின்றிருக்க வேண்டும்.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது, நியாயமான மறுப்பு. சேறும் சுண்ணாம்பும் கடல் இருந்ததைக் காட்டலாம். பெருங்கடல் இருந்ததைக் காட்டுமா? பாக் நீரிணையிலும் சேறு படிகிறது. அதன் அடியில் இருப்பது கண்டத்தின் பாறைதானே? ஒரே கண்டத்தின் விளிம்பில் தேங்கிய மேலோட்டமான கடலுக்கும், இரு கண்டங்களைப் பிரித்துக் கிடந்த பெருங்கடலுக்கும் உள்ள வேறுபாடு தண்ணீரில் இல்லை, தளத்தில் இருக்கிறது. பெருங்கடல் என்று சொல்ல எரிமலையில் பிறந்த தளம் வேண்டும். அதைத் தேடித்தான் வடக்கே, மதுரையையும் திருச்சியையும் தாண்டி, திருச்சிக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட காவிரிப் பட்டைக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே மணமேடு என்ற ஊரை ஒட்டி, வயல்களுக்கும் கரடுகளுக்கும் நடுவே, சிதறிய துண்டுகளாக ஒரு பாறைக் கூட்டம் கிடக்கிறது. ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் யெல்லப்பா, செட்டி ஆகியோரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2010 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் இது கடல்தளத்தின் துண்டு என்று வாதிட்டார்கள்.

கடல்தளம் மேலிருந்து கீழாக எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்பது ஓரளவு தெரிந்த செய்தி. மேலே தலையணை பசால்ட்டும் அதன்மேல் மெல்லிய படிவும். அதன் கீழே, குழம்பு ஏறிவந்த வழிகள் நெருங்கி நின்று உறைந்த சுவர்ப்பாறைகள். அதற்கும் கீழே மெதுவாகக் குளிர்ந்து பருமணியான கேப்ரோ. அடியில் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனத்த பாறை. மொத்தம் 6, 7 கிலோமீட்டர் தடிமன். இந்த அடுக்கு நிலத்தில் கிடைத்தால் அதை ஓஃபியோலைட் என்று அழைக்க வேண்டும் என்று 1972இல் கூடிய பென்ரோஸ் மாநாடு வரையறுத்தது. சைப்ரஸின் ட்ரூடோஸ் மலையிலும் ஓமானிலும் இந்த அடுக்கு ஏறக்குறைய முழுதாகவே நிற்கிறது. மணமேட்டில் அடுக்கு கலைந்துவிட்டது. ஆனால் உறுப்புகள் இருக்கின்றன: பைராக்சீனைட், கேப்ரோ, சுவர்ப்பாறைகள், எரிமலைப் பாறை வெந்து மாறிய ஆம்ஃபிபோலைட், இரும்பு கலந்த செர்ட் படிவு, பொட்டாசியம் மிகக் குறைந்த வெளிர்நிறப் பிளாஜியோகிரானைட். இந்தக் கடைசிப் பாறையில் உள்ள சிர்க்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை எடுத்துப் பார்த்தபோது வயது 80 கோடி ஆண்டுகளை ஒட்டி வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு பிடிக்கும். இந்தக் கடிகாரத்துக்கு 80 கோடி ஆண்டு ஒன்றும் நீண்ட காலமல்ல.

உறுப்புகள் இருப்பது மட்டும் போதாது. கேப்ரோவும் பைராக்சீனைட்டும் கண்டத்துக்கு உள்ளேயும் உண்டு. வேதியியல் தேவைப்படுவது இங்கேதான். வெந்து மாறிய பாறையில் எல்லாத் தனிமங்களும் ஒரே அளவு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. அரிசி களைந்தால் தவிடு கழுநீரோடு போகும், அரிசி பானையிலேயே நிற்கும். அதுபோலச் சோடியம், பொட்டாசியம், ருபீடியம், பேரியம் போன்றவை வெந்நீர் பட்டால் இடம்பெயர்ந்துவிடும். டைட்டானியம், சிர்க்கோனியம், இட்ரியம், நையோபியம் போன்றவை பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும். நிற்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பசால்ட் எந்தச் சூழலில் பிறந்தது என்று பிரித்தறியும் வரைபடங்களை 1973இல் பியர்ஸும் கான்னும் வகுத்தார்கள். அதே ஆண்டில் அகிஹோ மியாஷிரோ, கடல்நடு முகட்டுக்கு இலக்கணம் என்று எல்லாரும் நம்பியிருந்த ட்ரூடோஸ் பாறைகள் உண்மையில் தீவுவரிசையில் பிறந்தவை என்று வேதியியலைக் கொண்டே வாதிட்டுப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். அவர் முன்வைத்த கேள்வி நிலைத்தது. கடல்தளம் என்பது ஒரே வகையல்ல என்று அதன் பிறகே தெளிவானது. நடுக்கடலில் பிறப்பது ஒன்று. ஒரு தட்டு அமிழும் இடத்துக்கு மேலே பிறப்பது மற்றொன்று. அமிழும் தட்டிலிருந்து கசியும் நீர் பேரியத்தையும் ருபீடியத்தையும் மேலே கொண்டுவரும். நையோபியமும் டைட்டானியமும் கீழேயே தங்கிவிடும். ஆகவே இரண்டாம் வகைப் பாறையில் முந்தியவை மிகுந்தும் பிந்தியவை குறைந்தும் இருக்கும். மணமேட்டுப் பாறைகள் காட்டுவது இந்த இரண்டாம் முத்திரையை. அதாவது அங்கே கடல் இருந்தது மட்டுமல்ல. அந்தத் தளம் பிறந்தபோதே அந்தக் கடல் மூடத் தொடங்கியிருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன வலுவானவை. பேரியம் பின்னால் வெந்நீரில் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது முதலாவது. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அதனால்தான் வாதத்தின் பளுவை மிகுதியின்மேல் வைக்காமல், நையோபியம், டைட்டானியக் குறைவின்மேல் வைக்க வேண்டும். குழம்பு ஏறிவரும் வழியில் கண்டப் பாறையைக் கரைத்துக்கொண்டாலும் நையோபியம் குறைவாகத்தான் தெரியும் என்பது இரண்டாவது. இதற்கு விடை அதே கூட்டத்தில் இருக்கும் பிளாஜியோகிரானைட். கண்டத்தின் மேல்பாறையில் பொட்டாசியம் ஆக்சைடு சராசரியாக நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கும். நடுக்கடல் பசால்ட்டில் அது 0.1, 0.2 அளவே. கண்டத்தைத் தாராளமாக விழுங்கிய குழம்பிலிருந்து பொட்டாசியம் வற்றிய கிரானைட் பிறப்பது கடினம். இது கடல்தளமே அல்ல, கண்டத்துக்குள் புகுந்து அடுக்கடுக்காக உறைந்த குழம்பு என்பது மூன்றாவது. அப்படியானால் சுவர்ப்பாறைகளும் செர்ட் படிவும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடப்பதைத் தனியாக விளக்க வேண்டிவரும். ஒவ்வொரு தடயத்தையும் தனியே எடுத்தால் வேறு விளக்கம் சொல்ல முடியும்தான். எல்லாவற்றையும் சேர்த்து விளக்குவது எது என்று கேட்டால் கடல்தளம் என்ற விடைதான் குறைந்த சிரமத்தில் நிற்கிறது. முற்றான நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். இருக்கும் விடைகளில் இதுவே பலமானது என்பேன்.

மிகக் கடினமான மறுப்பு வேறு. கடல் இருந்தது சரி, அது மூடிய தழும்பு எங்கே? காவிரிப் பட்டையிலேயே தேவனூரில் இன்னொரு கடல்தளத் துண்டு இருக்கிறது; அதன் சிர்க்கான்கள் தரும் வயது 80 கோடியல்ல, 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஒரே பட்டையில் இரண்டு வயதுகள் வந்தால் எந்தக் கடலின் தழும்பு அது? மதுரைப் பெருந்துண்டத்தின் வடபகுதிப் பாறைகள் காவிரிக்கு வடக்கே உள்ளவற்றைப் போலவே மிகப் பழையவை என்றும், ஆகவே 55 கோடி ஆண்டுகளை ஒட்டி மூடிய கடலின் தழும்பு காவிரியில் இல்லை, இன்னும் தெற்கே இருக்க வேண்டும் என்றும் கருதுவோர் இருக்கிறார்கள். கோஷ், டி விட், சார்ட்மன் ஆகியோர் 2004இலேயே கரூரிலிருந்து கம்பம், பைனாவு வழியாகத் திருச்சூர் நோக்கி வளைந்து செல்லும் ஒரு கோட்டை முக்கிய எல்லையாகக் குறித்தார்கள். இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஒரே பலவீனமான கோட்டில் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல் மூடி, பின்னர் மற்றொன்று திறந்து மூடியிருக்கலாம். பழைய தழும்பு மறுபடி பிளப்பது பூமியில் வேறெங்கும் காணாத விந்தையல்ல. கம்பம் கோடே உண்மைத் தழும்பு என்றாலும், கம்பம் பள்ளத்தாக்கு இருப்பது மேகமலைக்கு அந்தப்பக்கம். செண்பகத்தோப்பு அப்போது அந்தக் கடலின் கரைக்கு இன்னும் நெருங்கிய இடமாகிறது. கோடு எங்கே என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கடல் இருந்ததா என்ற கேள்வி அந்த வழக்கைச் சார்ந்ததல்ல. இந்தக் கடலுக்கு நிலவியலாளர்கள் மொசாம்பிக் பெருங்கடல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாகக் கூடியது அது மூடியபோதுதான்.

இந்த வெளிச்சத்தில் ராஜபாளையத்துக்குத் திரும்பினால் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. சஃபிரின் பாறையில் அலுமினியத்தோடு மக்னீசியமும் மிகுதி. சேற்றில் இவ்வளவு மக்னீசியம் எப்படி? இப்படிப்பட்ட பாறைகளுக்கு உலகெங்கும் இரண்டு விளக்கங்கள் போட்டியிடுகின்றன. சேறு வேகும்போது உருகக்கூடிய பகுதி கிரானைட் குழம்பாக வடிந்துபோக, உருகாத மக்னீசியமும் அலுமினியமும் மிஞ்சின என்பது ஒன்று. கடலடி எரிமலைப் பாறையே வெந்நீரூற்றால் மாறியது என்பது மற்றொன்று. 1977இல் காலப்பகோஸ் அருகே கடலடி வெந்நீரூற்றுகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இரண்டாவது விளக்கத்துக்கு வலு கூடியது. சூடான பசால்ட்டுக்குள் புகும் கடல்நீர் தன் மக்னீசியத்தைப் பாறையில் விட்டு, சோடியத்தையும் கால்சியத்தையும் எடுத்துச் செல்கிறது. அப்படி மாறிய பாறை பின்னர் வெந்தால் சஃபிரின் பாறைக்கு மிக நெருங்கிய சரக்கு கிடைக்கும். ராஜபாளையத்தைப் பொறுத்தவரை சேறு என்ற விளக்கத்தையே நான் ஏற்கிறேன். சுற்றிலும் கிரானைட் நரம்புகளும் கார்னெட், கார்டியரைட் மிகுந்த நைஸ்களும் நிறைந்திருப்பது, உருகி வடிந்ததற்குப் பொருந்துகிறது. எரிமலைத் தளத்தை ராஜபாளையத்திலேயே கண்டுவிட ஆசையாக இருக்கலாம். ஆசைக்காக ஆதாரத்தை வளைக்கக் கூடாது. தளம் காவிரிக்கரையில், கரையோரச் சேறு ராஜபாளையத்தில், சுண்ணாம்பு பந்தல்குடியில் என்று சாட்சிகள் பிரிந்து கிடப்பதே, ஒரு கடல் மூடும்போது நடக்கக்கூடியதோடு ஒத்துப்போகிறது.

இதில் நமக்கு என்ன என்று கேட்பவருக்கு என் பதில் இரண்டு. தமிழகத்தின் மண், நீர், கனிமம் மூன்றும் இந்த வரலாற்றின் விளைவு. சிமென்ட் ஆலை எங்கே அமையும், கிணறு எந்தப் பாறைப் பிளவில் ஊறும், எந்தக் கரட்டில் இரும்பும் குரோமியமும் கிடைக்கும் என்பவற்றை, அந்தப் பழைய கடலின் எல்லைகள் பெரிதும் தீர்மானித்துவிட்டன. அதைவிட முக்கியமானது மற்றொன்று. மணமேட்டிலும் ராஜபாளையத்திலும் ஆதாரம் என்பது சில நூறு அடி நீளமுள்ள பாறை முகங்களே. உருவம் பிழைத்த மரடிஹள்ளியை யாரும் பார்த்தவுடன் மதிப்பார்கள். உருவம் அழிந்து வேதியியல் மட்டும் மிஞ்சிய பாறை, பார்வைக்கு ஜல்லிக்கல்தான். அதனாலேயே அதற்கு ஆபத்து அதிகம். குவாரி வேண்டாம் என்பதல்ல என் வாதம். புதிய பாறை முகத்தைத் திறந்து காட்டியதில் குவாரிகளுக்கும் பங்குண்டு. ஆய்வில் இடம்பெற்ற முகங்களில் ஒரு பகுதியையாவது குறித்துவைத்து, உடைக்காமல் விட வேண்டும். பரங்கிமலைச் சார்னோகைட்டுக்குத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற தகுதி கிடைத்ததுபோல இவற்றுக்கும் கிடைக்க வேண்டும். கடல் எங்கே மூடியது என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சாட்சியை உடைத்து லாரியில் ஏற்றிவிட்டால், பிறகு எந்தக் கருவி வந்தாலும் தீர்ப்பு சொல்ல வழியிருக்காது. செண்பகத்தோப்பில் அணிலையும் புலியையும் காக்கச் சட்டம் வந்துவிட்டது. அவை வாழும் நிலம் எப்படி ஒன்றுகூடியது என்பதைச் சொல்லும் கல்லுக்கும் அதே அக்கறையைக் காட்டுவது, விருதுநகர் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.